மாடு மேய்க்கத் தடை

தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ரொஹான் தொரை ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, கேட்டில் தொங்கிய பலகையை விரலால் காட்டினார்.

"கொறற்றி, அதுல என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் வாசிங்க பாப்போம்."

மரிய கொறற்றி வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது? நூறு வருசத்துக்கு நிற்க வேண்டும் என்று தடித்த பலாப் பலகையில் செய்யச் சொன்னவள் அவள். பச்சைப் பெயிண்ட் என்று சொன்னவளும் அவள். இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, ஆணி அடித்ததும் அவளே. மேலே ஒரு தவளைப் படம். அதற்குக் கீழே மூன்று மொழியிலும் ஒரே சேதி: தவளைக் காப்புத்தரை. மாடு மேய்க்கத் தடை.

"வாசிக்க மாட்டீங்களா? சரி, நானே வாசிக்கிறேன்." புதிதாய்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தொரை சிரித்தார். "இது நான் போட்ட போர்ட் இல்ல. கம்பெனி போட்டதும் இல்ல. லயத்துல இருக்கிற தொழிலாளிங்க நீங்களே போட்டது. மாடு மேயிற வரைக்கும்தான் இது ஒங்க தரைன்னு கம்பெனியோட பழைய பேச்சு. மாடு மேயக்கூடாதுன்னு நீங்களே எழுதி வச்சிட்டீங்க. அப்ப இது யாரோட தரை?"

கொறற்றிக்கு வாய் என்றால் வாய். தோட்டத்தில் அவளோடு பேசி ஜெயித்தவன் இல்லை. அன்றைக்கு அவள் தான் அடித்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை சர்வேயரோட வாரேன். அவரு கண்ணுக்கு இங்க மாடு மேயிறது தெரிஞ்சா பேசாம போயிருவோம். தெரியலைன்னா அளந்து கட்டை அடிச்சிருவோம். டென்ட் ஹோட்டல் வரப்போகுது. ஒங்க தவளைக்கும் ஒரு கண்ணாடி டேங்க் கட்டித் தாரேன், உள்ள லைட் எல்லாம் போட்டு. சந்தோஷம்தானே?"

ஜீப் வளைவில் மறைந்ததும், அது போன பக்கம் பார்த்துக் காறித் துப்பினாள் கொறற்றி. துப்பிய கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். கோபத்தில் செய்ததற்கு அந்தோனியாரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவது அவள் வழக்கம். இல்லாவிட்டால் பூசை நேரம் முழுவதும் அதற்கே போய்விடும்.

யட்டவத்தை டவுனுக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்குகிற சரிவில் கிடக்கிறது அந்த மாட்டுத்தரை. நடுவில் ஒரு வழுக்குப்பாறை. அதன்மேல் கோடையிலும் ஊற்றுத் தண்ணீர் கசிந்து வழியும். அந்தப் பாறையில்தான் இருக்கிறது தவளை. பெருவிரல் பெரிதுகூட இல்லை. சப்பை உடம்பு, பாறையின் நிறம். ஆள் வருகிற சத்தம் கேட்டால், உண்டியலில் காசு விழுகிற மாதிரி வெடிப்புக்குள் விழுந்து மறைந்துவிடும். அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துகிறவை அல்ல. ஈரப்பாறையில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றே வளர்கிறவை. கெமராவும் குடையுமாக ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து, பாறையில் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தில் வேறெங்கும் இது இல்லை" என்று சொன்னபோது லயமே ஓரடி உயர்ந்துவிட்டது.

அதில்தான் வந்தது வினை. காப்புத்தரை என்று பேரும் வந்து, சங்கமும் அமைந்ததும், லயத்துச் சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. தவளைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? மாடு போய் மிதிக்கலாமா, சாணி போடலாமா? மாட்டை விரட்டினார்கள். கேட் போட்டார்கள். பலகை அடித்தார்கள். திருநாளுக்குக் கோயிலைக் கழுவுகிறேன் என்று சொரூபத்தை வெளியே வைத்துக் கதவைப் பூட்டின கதைதான்.

மாடு போனதும் மானாப்புல் தலையெடுத்தது. முதலில் முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு, பிறகு பாறையையே மூடி ஆளுயரம். வெயில் படாத பாறையில் பாசி பிடிக்கவில்லை. மழை விட்ட பிறகு 'டக் டக்' என்று கேட்கிற தவளைச் சத்தம் அந்த வருசம் கேட்கவே இல்லை. எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பலகையைக் கழற்ற வேண்டி வருமே! இதற்கிடையில், கட்டிப்போட்டுத் தீனி போட முடியாமல் ஒவ்வொரு வீடாக மாட்டை விற்றுவிட்டது. மிச்சம் நின்றவை கொறற்றியின் பசு ராணியும், சங்கத்துச் செயலாளர் அழகம்மாவின் ஆடும்தான்.

"விடு புள்ள" என்றார் நோபர்ட். கொறற்றியின் புருசன், யட்டவத்தையில் திரீவீலர் ஓட்டுகிறவர், யாரோடும் முரண்படாமலே இத்தனை வருசத்தை ஓட்டிவிட்டவர். "ஒத்த மாட்டைக் கொண்டு போய் நிறுத்தி மேய்ச்சல்னு சொன்னா சர்வேயர் சிரிப்பாரு. தொரையோட மோதி நமக்கு என்ன வரப்போகுது?"

"என்ன வருமா? என்ன போகும்னு கேளுங்க!" கொறற்றி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நாம குடியிருக்கிற இந்தக் காம்பரா யாரோடது? கம்பெனியோடது. தேயில? கம்பெனியோடது. நம்ம கோயில் நிக்கிற எடம்கூட கம்பெனி எடம். செத்தா பொதைக்கிறதுக்கும் அவுங்ககிட்ட கேட்டுத்தான் குழி வெட்டணும். இந்த மலையில நம்மளோடதுன்னு கால ஊன்றி நிக்க அந்தப் புல்லுத்தரை ஒன்னுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா நாம இங்க யாரு? வாடகைக்கு மூச்சு விடுறவுங்களா?"

நோபர்ட் திரீவீலர் சாவியைக் கையில் உருட்டினார்.

"ஒங்களுக்குப் பயமா இருந்தா உள்ள இருந்து ஜெபமாலை சொல்லுங்க. இல்லைன்னா வீலை எடுங்க. ஜவாஹிர் நானா வீட்டுக்குப் போகணும்."

நோபர்ட் வீலை எடுத்தார். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. பெண்சாதி பக்கம் கொஞ்சம் அதிகம்.

ஜவாஹிர் நானா மலையடிவாரத்தில், பணிய இருக்கிற முஸ்லிம் ஊரில் மாட்டு வியாபாரி. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிற சமயம். குர்பான் கொடுக்க ஊரார் சொல்லி வைத்த மாடுகளைப் பல்லேகமப் பக்கம் போய் வாங்கி வந்து, வளவு நிறையக் கட்டி வைத்திருந்தார். மாடுகள் வைக்கோலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. நானா ஒரு சிவலைக் காளைக்குக் குளம்பு கழுவிக்கொண்டிருந்தார்.

கொறற்றி வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஒங்க மாடெல்லாம் வைக்கோல தின்னு சலிச்சுப் போய் நிக்குது நானா. என் தரையில புல்லு ஆள் உசரம். வியாழக்கிழமை ஓட்டிக்கிட்டு வாங்க. பெருநாள் வரைக்கும் அங்கயே மேயட்டும்."

"புல்லும் எனக்குத் தெரியும், பாறையும் எனக்குத் தெரியும்" என்றார் ஜவாஹிர் நிமிராமலே. "ஏலாது புள்ள. குர்பான் மாட்டுல ஒரு கொறையும் ஈக்கப்படாது. கால் நொண்டினா முடிஞ்ச. கொம்பு முறிஞ்சா, கண்ணுல பழுது வந்தா முடிஞ்ச. பெருநாளைக்கு அத அறுக்க ஏலாது. இது என்ட மாடா? ஊராக்கள் என்னை நம்பித் தந்த அமானத்து. ஒன்ட வழுக்குப்பாறையில ஒன்னு சறுக்கி விழுந்தா நான் பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோட போற?"

"எனக்கு மட்டும் மாடு பாறையில ஏறணும்னு ஆசையா? ஏறிச்சுன்னா மிச்சமிருக்கிற தலைப்பிரட்டையும் நசுங்கிப் போகும். ஒங்களுக்கு மாட்டுக்கால் முக்கியம். எனக்குப் பாறை முக்கியம். ரெண்டு பேரும் ஒரே எடத்துலதானே நானா காவல் நிக்கணும்?"

ஜவாஹிர் குளம்பை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. அந்த யோசனை முடிகிறதுக்குள் வாசலில் நின்ற அவர் மனைவி நாச்சியா முடித்துவிட்டார்.

"என்னத்தை யோசிக்கிற? நோன்பு மாசம் முழுக்க மழையில நனஞ்சி நனஞ்சி நம்மட வீட்டுக்குப் பால் கொண்டு வந்த யாரு? வந்து கேக்கிற நேரம் மட்டும் நீங்க மாட்டுக்கால் கத செல்லுற."

"நீ சும்மா இரி."

"நான் சும்மாதான் ஈக்கிறன். நீங்கதான் பேசுற."

ஜவாஹிர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஆனா ஒன்னு செல்லி வைக்கிறன் கொறற்றி. ஒரு மாடு நொண்டினாலும் அதுக்குப் பதிலா ஒன்ட ராணிய அவுத்துக்கொண்டு வந்திடுவன். பொறகு அழப்படாது."

நோபர்ட்டின் முகம் வெளிறியது. அந்த வீட்டில் உலை கொதிப்பது பாதி ராணியால்தான்.

"அவுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் கொறற்றி.

வியாழக்கிழமை காலையில் ஜவாஹிர் மாடுகளை ஓட்டி வந்தபோது, தோட்டத்து ரோட்டு நிறையக் கொம்பாகத் தெரிந்தது. முன்னால் ராணி, அவளைப் பிடித்தபடி கொறற்றி. பின்னால் லயத்துப் பெண்கள், வேலைக்குப் போகாமல் நின்றவர்கள், புல் வெட்டுகிற கத்தியோடு ஆட்டையும் இழுத்துக்கொண்டு அழகம்மா. "ஆடும் மேயிற சாதிதானே, இதையும் எண்ணிக்கட்டும்" என்றாள் அவள்.

கேட்டில் புதுச் சங்கிலி. அதில் கம்பெனிப் பூட்டு. பக்கத்தில் ரொஹான் தொரை; அவருக்குப் பின்னால், மூன்றுகால் கருவியைத் தோளில் சாத்திக்கொண்டு சர்வேயர் சிவலிங்கம்.

"பூட்டியிருக்கு" என்றார் தொரை. "காப்புத்தரை பாருங்க. மாட்ட உள்ள விட்டா தவளைக்கு ஆகாது. சட்டம் நீங்க போட்டது, நான் காப்பாத்துறேன்."

அடேயப்பா, அந்தச் சிரிப்பு! அதைப் பார்த்ததும் கொறற்றிக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அழகம்மாவின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிப் பலகைக்கும் கேட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பினாள். ஒரு ஆணி வந்தது. இன்னொன்று வந்தது. கடைசி ஆணிக்குக் காலைக் கேட்டில் உதைத்து இழுத்தாள். பலகை அவளோடு சேர்ந்து மண்ணில் விழுந்தது.

"சட்டம் போட்டவளே கழட்டிட்டேன்" என்றாள் பலகையைப் பிடித்தபடியே எழுந்து, மறு கையால் சேலையைத் தட்டிக்கொண்டு. "இப்ப என்ன சொல்றீங்க?"

"போர்ட்டைக் கழட்டலாம். பூட்டை ஒடைச்சா பொலிஸ் வரும்."

அவர் சொன்னதும் சரிதான். பூட்டு பூட்டாகவே இருந்தது. மாடுகள் ரோட்டில் நெரிந்தன. ஒரு காளை மூச்சை விட்டுக் காலைத் தூக்கிப் போட்டது. ஜவாஹிருக்கு வியர்த்தது. "புள்ள, ரோட்டுல இப்பிடி நின்டா ஒன்டோட ஒன்டு குத்திக்கொள்ளும். நான் திருப்புறன்."

அப்போதுதான் ராணியைக் காணோம். பலகையைப் பிடுங்குகிற மும்முரத்தில் கொறற்றி கயிற்றை விட்டிருந்தாள். பார்த்தால், கேட்டையும் தொரையையும் பூட்டையும் துளியும் சட்டை செய்யாமல், வேலியோரமாகக் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது ராணி. கொய்யாப் புதர் அடர்ந்த பற்றைக்குள் நுழைந்தது. வால் மட்டும் வெளியே ஆடியது. கேட் என்று ஒன்று வருகிறதுக்கு முந்தி மாடு போன வழி அது! மனிதர்கள் மறந்துபோன வழியை அது மறக்கவில்லை.

"அட என் தங்கமே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் கொறற்றி. பலகையைப் போடக்கூடத் தோன்றவில்லை, இழுத்துக்கொண்டே ஓடினாள்.

பற்றைக்கு அந்தப் பக்கம் கான். தேயிலை மலையின் தண்ணீரை இறக்க வெட்டிய வடிகால். துப்புரவு செய்யாமல் விட்டதில் சேறு நிறைந்து, இரண்டு கரையும் இடிந்து கிடந்தது. ராணி ஒரே எட்டில் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் புல்லில் வாயை வைத்துவிட்டது. பின்னாலேயே மற்ற மாடுகள் பற்றையை முறித்துக்கொண்டு வந்தன.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" ஜவாஹிர் கைகளை விரித்துக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் பாய்ந்தார். "யா அல்லாஹ், இந்தக் கான்ல கால் போனா முறிஞ்சிதான் வரும்! ஒரு மாட்டையும் விட மாட்டன்!"

கொறற்றி கானைப் பார்த்தாள். கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். நூறு வருசத்துக்கு நிற்க வேண்டிய பலா. தூக்கிக் கானின் குறுக்கே போட்டாள். தவளைப் படமும் மூன்று மொழியும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ஏறி நின்று இரண்டு தரம் குதித்துக் காட்டினாள்.

"ஓட்டுங்க நானா!"

ஜவாஹிர் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிச் சிவலைக் காளையின் கயிற்றைப் பிடித்து முதலில் நடத்தினார். பலகை முனகியது, அசையவில்லை. ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியாக அழகம்மாவின் ஆடு கடந்தது. பெண்கள் முன்னால் ஓடி, புல்லை விலக்கி, பாறையைச் சுற்றிக் கம்போடு நின்றுகொண்டார்கள். பாறைக்கும் மாட்டுக்கும் நடுவில் ஜவாஹிர் நின்று, ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு அப்பால் தொரை பூட்டைத் திறந்து உள்ளே வரவும், தரை நிறைய மாடு மேயவும் சரியாக இருந்தது. புல்லை வேரோடு இழுக்கிற அந்தச் சத்தத்தைக் கொறற்றி எவ்வளவு காலமாய்க் கேட்கவில்லை! அழுகை வந்தது. தொரை முன்னால் அழக்கூடாது என்று ராணியின் கழுத்தில் முகத்தை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"அளங்க" என்றார் தொரை.

சிவலிங்கம் கருவியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "மாடு மேயுதே சேர்."

"லயத்து மாடு இல்ல. இதெல்லாம் பணிய இருந்து கொண்டு வந்தது."

"யார் மாடுன்னு பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லலியே. மேயுதா இல்லியான்னு பார்க்கத்தான் கூட்டிக்கிட்டு வந்தீங்க."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. தொரையின் காது சிவந்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கொறற்றியிடம் வந்து, சத்தம் போடாமல் சொன்னார்: "அடுத்த கிழமை இதெல்லாம் கறி. நினைவிருக்கா? பெருநாள் முடியட்டும். நான் திரும்பி வாரேன். அப்ப ஒங்ககிட்ட நிக்கப்போறது இந்த ஒத்தப் பசுதான்." போகும்போது கேட்டைப் பழையபடி பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது உண்மை. கொறற்றி ராணியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஜவாஹிரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெருநாள் வந்தது. ஒரு மாட்டுக்கும் ஒரு கீறல் இல்லை. குர்பான் இறைச்சியில் ஒரு பங்கு லயத்துக்கு வந்தது. மாட்டுக்கறி தொடாத அழகம்மாவுக்கு நாச்சியா தனியாக, இனிப்பாய், வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். அழகம்மா அதை ஒருவருக்கும் காட்டாமல் தின்று முடித்தாள். மேய்ந்து முடிந்த தரையில் பாறை மறுபடியும் வெளியே தெரிந்தது. வெயில் பட்டது. ஆனால் தரை வெறிச்சோடிக் கிடந்தது. ராணி மட்டும் நடுவில் நின்று, மற்றவை எங்கே என்று கத்திக்கொண்டிருந்தது. கொறற்றிக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது நாள் பற்றைக்குள் சத்தம் கேட்டது. பார்த்தால் ஜவாஹிர். பின்னால் கயிற்றுக்கு ஒன்றாகக் கன்றுகள். காளைக்கன்று, கிடாரிக்கன்று, சிவலை, கறுப்பு, நெற்றியில் வெள்ளை வைத்தது.

"அந்த மனிசன் சென்னது எனக்குச் சுருக்கெண்டு குத்திட்டு" என்றார் மூச்சு வாங்க. "பெருநாளைக்குப் பெருநாள் ஓடிப் போய்ப் பெரிய மாடாத் தேடுறது என்னத்துக்கு? கண்டுக்குட்டியா வாங்கி ஒங்கட தரையிலயே வளத்தா என்ன? இது அடுத்த பெருநாளைக்கு. இந்தச் சின்னது அதுக்கு அடுத்ததுக்கு. கிடாரியெல்லாம் லயத்து வீடுகளுக்கு வாரத்துக்கு, பங்கு வளப்புக்கு. முதல் ஈத்து எனக்கு, ரெண்டாம் ஈத்து வளக்கிறவங்களுக்கு. ஒன்னு போக ஒன்னு வரும். அவரு எந்தக் கிழமை வந்து பார்த்தாலும் இங்க மாடு நிக்கும், இன்ஷா அல்லாஹ்."

கொறற்றி அவர் காலில் விழாத குறை. அதற்குப் பதிலாக வழக்கம்போல வாயைத் திறந்தாள். "இத மொதல்லயே யோசிச்சிருந்தா எனக்கு ரெண்டு நாள் சோறாவது மிஞ்சியிருக்குமே நானா!"

அன்று பின்னேரம் மழை பெய்து விட்டது. பாறையில் பாசி இளம்பச்சையாய்ப் பிடித்திருந்தது. கொறற்றி குப்புறப் படுத்துப் பார்த்தாள். எங்கோ ஒரு வெடிப்பில், ஒரே ஒரு தரம், 'டக்' என்றது.

மழை மாசம் கழிந்து ரொஹான் தொரை சொன்னபடி வந்தார். சாவி அவரிடம் இருந்தது. ஆனால் மழைக்கு ஊறித் துருப்பிடித்த பூட்டு அவருக்கே திறக்கவில்லை. லயத்துச் சனம் அந்தப் பூட்டைத் தொடவுமில்லை, சாவி கேட்கவுமில்லை. அவர்களுக்குத்தான் வழி இருக்கிறதே. வேறு வழியில்லாமல் தொரையும் கொய்யாப் பற்றைக்குள் நுழைந்து, கிளையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு, கானைக் கடக்கிற இடத்தில் வந்து நின்றார். தரை நிறையக் கன்றுகளைப் பார்த்தார். கிழிந்த சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில், போனைக் கையில் எடுத்தபடி. "நீங்க போட்ட போர்ட் எங்க? மாடு மேய்க்கத் தடைன்னு நீங்களே எழுதினது. அதோட ஒரு படம் இருந்தா போதும், நான் மேலிடத்துல பேசிக்கிறேன். எங்க ஒளிச்சு வச்சீங்க?"

"ஒளிக்கவே இல்லை தொரை" என்றாள் கொறற்றி. "அது மேலதான் நிக்கிறீங்க."

தொரை குனிந்து பார்த்தார். சப்பாத்துக்குக் கீழே சேறு, சேற்றுக்கு மேல் சாணி, சாணிக்கு மேல் குளம்புத் தடம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சைப் பெயிண்ட்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தொரை" என்றாள் கொறற்றி. "கன்னுக்குட்டி வருது."